இன்னும் நாலடி

தம்பி,

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ போன் செய்தபோது, காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது. மீஞ்சூர் மனையில் வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது, இதுவரை லாரித் தண்ணீரிலேயே கட்டியாயிற்று, ஆடி கழிந்ததும் போர் வண்டி வருகிறது, எத்தனை அடி போடலாம் என்று கேட்டாய். அதோடு நிறுத்தியிருந்தால் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியிருப்பேன். "பக்கத்து மனைக்காரன் முந்திக்கிறதுக்குள்ள நாம ஆழமா போட்டுடணும்பா" என்று சேர்த்துச் சொன்னாய். கிட்டத்தட்ட அதே வார்த்தைகளை ஒரு காலத்தில் நான் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், திருவொற்றியூரில், இதே சமையலறையில் நின்றுகொண்டு. அதற்குப் பிறகு நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியை நேரில் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. எழுதிவிடுகிறேன். அவசரமில்லாமல் உட்கார்ந்து படி.

என் உத்தியோகம் என்ன என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லத் தெரியாது. 'எங்கப்பா கிணத்த அளப்பாரு' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி எல்லோரும் சிரித்ததாக வந்து அழுதாய். நீ சொன்னது சரிதான். மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர் வரை குறித்துவைத்த கிணறுகளுக்கு மாதம் ஒரு முறை போவேன். இரும்பு நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் விடுவேன். மேலே இழுத்ததும் சாக்பீஸ் எந்த இடம்வரை நனைந்திருக்கிறது என்று பார்த்து, தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்பதைப் பதிவேட்டில் எழுதுவேன். ஓய்வு பெறும்வரை அதுதான் வேலை. மழை பொய்த்த வருடங்களில் ஒவ்வொரு மாதமும் நாடாவை இன்னும் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டியிருந்தது. சில கிணறுகளில் நாடாவே போதவில்லை.

கடலோரத்தில் மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. நல்ல தண்ணீர் நிறைய இருக்கும்வரை கடல் தன் இடத்தில் இருக்கும். மழையும் இல்லை, மேலிருந்து நாமும் இழுத்துக்கொண்டே இருக்கிறோம் என்றால், கடல் அடிவழியாக உள்ளே வந்துவிடும். கரையில் நிற்பவன் கண்ணுக்கு அது தெரியாது. வந்ததைத் திருப்பி அனுப்ப ஒரு மழைக்காலம் போதாது. சில இடங்களில் ஒரு மனிதனின் ஆயுளும் போதாது. மீஞ்சூர் பக்கம் ஒரு விவசாயி, நுனி கருகிய நெற்பயிரைக் கையில் வைத்துக்கொண்டு, மாசாமாசம் வந்து எழுதிக்கொண்டு போகிறாயே, அதை யாராவது படிக்கிறார்களா என்று என்னைக் கேட்டார். எழுதுவதுதான் என் வேலை, படிப்பது வேறு ஆள் வேலை என்றேன். அந்தப் பதிலில் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தெருவில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற பெருமை. தெரிந்து வைத்திருப்பதே ஒரு பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் தெருவின் பொதுக்கிணறு ஆறு வீட்டுக்கும் சொந்தம். சிமென்ட் உறை இறக்கிய குறுகலான கிணறு. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். ஏழுமலையின் வீடு அதற்கு நேர் எதிரே. துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலை அவனுக்கு. ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கிணற்றடிக்குப் போய்த் தன் வீட்டு டிரம்மை நிரப்புவான். உன் அம்மா இடுப்பு வலியில் படுத்திருந்த மாதங்களில், யாரும் கேட்காமலேயே நம் வீட்டு டிரம்மையும் நிரப்பிவிட்டுப் போவான். நன்றி சொன்னால் கூச்சப்படுவான். அவன் மனைவி தேவகியும் பெண் குழந்தையும் வாசலில் நின்று அவனைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். உனக்கு அவன் தன் வண்டியில் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நினைவிருக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரைலர் லாரிகளுக்கு நடுவே உன்னை ஓட்டவிட்டதற்காக நான் அவனிடம் சண்டைக்குப் போனதும் நினைவிருக்கும்.

இரண்டு பருவமழையும் அடுத்தடுத்து ஏமாற்றிய அந்த வருடம், சித்திரை பிறப்பதற்கு முன்பே கிணற்றில் வாளி முழுகவில்லை. குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி வரும் நேரம் யாருக்கும் தெரியாது. வந்தால் தெருவே ஓடும். ஒரு நாள் அந்தத் தள்ளுமுள்ளில் உன் அம்மா விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடும் காலிக்குடத்தோடும் வந்தாள். கல்லூரிக்குப் போகும் நீ அரை வாளித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கே முடிவு செய்தேன். மற்ற வீட்டுக்காரர்கள் முந்துவதற்குள் நாம் போர் போட்டுவிட வேண்டும், கிணற்றைவிட ஆழமாகப் போட வேண்டும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். கிணறு என்ன ஆகும் என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது என்றேன். தண்ணீர் விஷயத்தில் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

போர் வண்டி வந்த அன்று பிளாஸ்டிக் குழாய்களைத் தோளில் சுமந்துவந்து இறக்கியது ஏழுமலைதான். வண்டிக்காரர் சேலம் பக்கத்து ஆள். ஓர் ஆழத்தில் நிறுத்திவிட்டு, இதற்கு மேல் போனால் உப்புத் தண்ணீர் ஏறிக்கொள்ளும் என்று எச்சரித்தார். எனக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கோடையைத் தாண்டினால் போதும் என்று கணக்குப் போட்டு, இன்னும் இறக்கச் சொன்னேன். எவ்வளவு ஆழம் என்று தெருவில் கேட்டவர்களிடம், கிணற்று மட்டம்தான் என்றேன். தெருவுக்கு நான் சொன்ன முதல் பொய் அது. மோட்டார் போட்டதும் தண்ணீர் பொங்கி வந்தது. நீ அதைக் கைகளில் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்தாய். உன் சிரிப்பைப் பார்த்து, செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்துப் பதினைந்து நாளில் பொதுக்கிணறு வற்றியது. பஞ்சம் என்றார்கள் எல்லோரும். ஆழமான போரிலிருந்து இழுக்கும்போது சுற்றியிருக்கும் தண்ணீர் புனலில் இறங்குவது போல அதை நோக்கிச் சரியும் என்று தெரிந்தவன் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான். ஒரு மத்தியானம், தெரு உறங்கிக்கொண்டிருந்தபோது, அலுவலக நாடாவை எடுத்துப் போய்க் கிணற்றில் விட்டேன். சாக்பீஸ் காய்ந்தபடியே மேலே வந்தது. மோட்டாரை மூன்று நாள் நிறுத்திப் பார்த்திருந்தால் கிணற்றில் கொஞ்சமாவது ஊறுகிறதா என்று தெரிந்திருக்கும். அந்தச் சோதனையை ஊரெல்லாம் செய்தவன் நான். என் வாசலில் செய்யவில்லை. நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்து படுத்துவிட்டேன்.

குற்ற உணர்ச்சியை அடக்கிக்கொள்ள, காலையில் வீட்டுக்கு இரண்டு குடம் என்று தெருவுக்குக் கொடுத்தேன். நல்ல மனுஷன் என்று பெயர் வந்தது. ஏழுமலை மட்டும் வரிசைக்கு வரவில்லை, தேவகியை அனுப்பினான். ஒரு வாரம் கழித்து அவனே வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றபடி பேசினான்.

"தெனம் உன் கேட்டாண்ட வந்து நிக்கிறதுக்கு ஒரு மாதிரியா கீதுண்ணா. கெணத்த நானே எறங்கித் தோண்டலாம்னு பாக்குறேன். நீதான் தண்ணி அளக்குற ஆளு. தோண்டுனா வருமா? வராதுன்னா சொல்லிடு, வுட்டுர்றேன்."

வராது என்று எனக்குத் தெரியும். வராது என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால், அவன் சுமந்து இறக்கிய குழாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் நாலடி தோண்டு. ஊத்து கெடைக்கும்" என்றேன்.

சொல்லி முடித்ததும் அவன் முகத்தில் வந்த நிம்மதி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அடுத்த நாளே லீவு சொல்லிவிட்டான். காற்றோட்டமில்லாத பழைய கிணற்றில் ஆள் இறங்குவதற்கு முன்னால் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும், விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் மாதமே சொல்லிக்கொடுக்கும் பாடம். அக்கம்பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டிகளெல்லாம் கசிந்துகொண்டிருந்த இடம் அது. காலையில் அவன் லுங்கியை மடித்துக் கட்டி இடுப்பில் கயிறு சுற்றிக்கொண்டிருப்பதை நான் கேட்டில் நின்று பார்த்தேன். விளக்கு விட்டுப் பார் என்று சொல்ல நாலு எட்டு நடந்தால் போதும். நடந்தால், நீயும் கூட நில் அண்ணா என்பான். தண்ணீர் வராத கிணற்றுக்கு மேலே அவனோடு நிற்க என்னால் முடியாது என்று தோன்றியது. பொன்னேரியில் அவசர வேலை என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பொன்னேரியில் எந்த வேலையும் இல்லை.

மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது உன் அம்மாவின் போன் வந்தது. மற்றதை நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வாளி கறுப்புச் சேறு மேலே வந்தது, மூன்றாவது வாளிக்குக் குரல் கொடுத்தால் கீழேயிருந்து பதில் இல்லை, கடைசியில் தீயணைப்பு வண்டி வந்துதான் வெளியே எடுத்தார்கள் என்றாய். அதற்கு மேல் நீ எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் நான்தான் போட்டேன். உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை எல்லா வேலையையும் ஓடியோடிச் செய்தேன். சொந்தத் தம்பிக்குச் செய்வது மாதிரி செய்கிறார் என்று தேவகியின் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கிணற்றைக் கான்கிரீட் பலகை போட்டு மூடினார்கள். அதன்பின் தெரு முழுக்க நம் போரை நம்பித்தான் இருந்தது. குழாயை நீட்டி வாசலில் வைத்தேன், எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஆகஸ்ட் பதினைந்துக்குத் தெருமுனையில் கொடியேற்றியபோது என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நீ கைதட்டவில்லை, கூட்டத்தின் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். ஏழுமலையின் நினைவில் நிற்கிறாய் என்று நினைத்தேன். அதே மாதம் நம் வீட்டில் டீ திரிந்தது. பால் கெட்டுவிட்டது என்று உன் அம்மா இரண்டு நாள் பால்காரனைத் திட்டினாள். சோப்பு நுரைக்கவில்லை. குடத்தோடு வந்த தேவகிதான் முதலில் சொன்னாள், "தண்ணி கரிக்குதுண்ணா" என்று. ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள். நான் கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்தேன். மீஞ்சூர் வயல்களில் எத்தனையோ முறை ருசி பார்த்த தண்ணீர்தான்.

ஐப்பசியில் மழை கொட்டியது. மட்டம் ஏறியது, உப்பு போகவில்லை. தெருவில் வசதி இருந்தவர்கள் கேன் தண்ணீருக்கு மாறினார்கள், மற்றவர்கள் வாடகை வீட்டை மாற்றிக்கொண்டு போனார்கள். தேவகி மகளோடு வியாசர்பாடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்விட்டாள். நீயும் வேலை கிடைத்ததும் மீஞ்சூரில் அறை எடுத்தாய். அதற்குப் பிறகு நீ நம் தெருவுக்கு வந்ததே இல்லை. எங்களைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் நிலையத்துக்கு வரச் சொல்வாய், இல்லையென்றால் உன் வீட்டுக்குக் கூப்பிடுவாய். வேலை, அலைச்சல், மருமகளுக்கு இந்தப் பக்கத்துப் புகை ஒத்துக்கொள்ளாது என்று எங்களுக்கு நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம்.

உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். போர் போடாதே என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாமல் யாரும் குடியிருக்க முடியாது. ஆனால் போர் வண்டியைக் கூப்பிடுவதற்கு முன்னால் பக்கத்து மனைக்காரரைப் போய்ப் பார். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒன்று போட முடியுமா என்று கேள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், நீ எவ்வளவு ஆழம் போடுகிறாய் என்பதை அவரிடம் மறைக்காதே. கூரையில் விழும் மழையை ஒரு சொட்டும் தெருவுக்கு விடாமல் குழி வெட்டி மண்ணுக்குள் இறக்கு. நீ எடுப்பதில் கொஞ்சமாவது திரும்பிப் போக வேண்டும். தண்ணீர் லேசாகக் கரிக்கத் தொடங்கினால், அன்றைக்கே மோட்டாரை நிறுத்து, இந்தக் கோடை மட்டும் என்று நினைக்காதே. நான் அப்படித்தான் நினைத்தேன். பஞ்சம் வந்தால் அது எல்லோருக்கும் பொதுவாக வருகிறது. அதில் நம் வீட்டை மட்டும் தனியாக எடுத்து வெளியே வைத்துவிடலாம் என்று நினைப்பவனிடம் கொஞ்சம் விஷய ஞானமும் இருந்துவிட்டால், அவன் மற்றவர்களைவிட அதிகக் கெடுதல் செய்வான். இது எங்கேயும் படித்ததல்ல.

உன் போன் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. போன வியாழக்கிழமை பேசின் பிரிட்ஜில் இறங்கி, வியாசர்பாடிக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். தேவகி ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறாள். மகள் ராயபுரத்தில் ஒரு கடையில் கணினியில் பில் போடுகிறாள். மூன்றாவது மாடி. கீழேயிருந்து தேவகி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதுதான் நானும் போய்ச் சேர்ந்தேன். குடத்தை வாங்கிக்கொள்ளப் போனேன், கொடுக்கவில்லை. வீட்டுக்குள் உட்காரவைத்து உன்னைப் பற்றியும் உன் அம்மா இடுப்பைப் பற்றியும் விசாரித்தாள். அவள் டீ போட எழுந்தபோது, வேண்டாம், முதலில் நான் சொல்வதைக் கேள் என்றேன். போரின் ஆழத்திலிருந்து விளக்கு வரைக்கும், உனக்கு இங்கே எழுதியது அத்தனையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அன்னிக்கு நீ வராதுன்னு சொல்லியிருந்தா அவரு எறங்கியிருக்க மாட்டாரு. அதானண்ணா?"

ஆமாம் என்றேன்.

"அன்னிக்குக் காலைல நான் அவர ஏசுனேண்ணா. ஊரான் வூட்டு வாசல்ல குடத்தத் தூக்கிகினு நிக்க வெச்சிட்டியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையான்னு கேட்டேன். சோறு தின்னாம போயி எறங்குனாரு. இத்தினி வருசமா நான்தான் அவர சாவடிச்சேன்னு நெனச்சிகினு கீறேன். எம் பொண்ணு மொகத்தப் பாத்து அவர் பேர நான் சொன்னதில்ல."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அந்த வார்த்தையைச் சொல்ல வாய் எழவில்லை. அவள் எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். "போண்ணா. இனிமே இங்க வராத" என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான் இரண்டாவது மாடிக்கு இறங்கும்போது மேலே அவள் அழும் சத்தம் கேட்டது. ஏழுமலையை எடுத்துப் போன அன்று அவள் அழவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள் என்று தெருவில் அதையும் ஒரு குறையாகப் பேசினார்கள். படியில் உட்கார்ந்து, அது ஓயும்வரை கேட்டுவிட்டுத்தான் வந்தேன். எழுந்து போக எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உன்னைப் பற்றிச் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீ சத்தியம் வாங்கிக்கொண்டாயாம். அன்றைக்கு, தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்னால், நீயும் தெருமுனை மளிகைக்கடைக்காரரும் கயிற்றை இழுத்தீர்களாம். ஏழுமலை பாதிவரை மேலே வந்துவிட்டானாம். சேற்றில் நனைந்த கயிறு உன் கையில் வழுக்கியதாம், அவன் திரும்பக் கீழே விழுந்தானாம். உள்ளங்கைத் தோல் உரிந்ததை என்னிடம் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னாய். நான் அதை நம்பினேன், உற்றுப் பார்க்கவில்லை. என் பொய்யை மூடிவைப்பதிலேயே கவனமாக இருந்தவனுக்கு மகனின் கை எப்படிக் கண்ணில் படும்?

இதைத்தான் உனக்கு உடனே சொல்ல வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். சொல்லவேண்டிய மற்றதையெல்லாம் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்பதால் இவ்வளவு நீண்டுவிட்டது. பிணவறையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவர் எங்காவது உயரத்திலிருந்து விழுந்தாரா என்று கேட்டார். தெரியாது என்றேன். தோளிலும் தலையிலும் அடிபட்டிருக்கிறது, ஆனால் அந்தக் காயங்களில் ரத்தம் கசியவே இல்லை, உயிர் போன பிறகு பட்டவை என்றார். சேற்றைக் கிளறக் கிளறக் கூடிய கெட்ட காற்றில் நாலு மூச்சு இழுத்ததுமே எல்லாம் முடிந்திருக்கும் என்றும் சொன்னார். எனக்கு அப்போது அது எதற்கு என்று புரியவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய செய்தி என்று தெரியாமல் இத்தனை வருடம் வைத்திருந்துவிட்டேன்.

நீ கயிற்றைத் தொடும்போதே ஏழுமலை உயிரோடு இல்லை, தம்பி. உன் கையிலிருந்து யாரும் விழவில்லை.